துரையைக் கூட்டிட்டுப் போகவா, விட்டுட்டுப் போகவா

இல்ல அண்ணாச்சி, தள்ளி உக்கார வேண்டாம். பெட்டி பூட்டித்தான் இருக்கு. நாலு வருசமா எங்கூட இருக்கு, இதுவரைக்கும் ஒருத்தரைக் கடிச்சது கிடையாது. என் வீட்டுக்காரியை ஒரு தடவ கடிச்சுச்சு, அது அவ தப்பு.

முதலைக்குட்டியான்னு கேட்டதுக்கு நான் கோவிச்சுக்கிட மாட்டேன். எல்லாரும் கேக்கிறதுதான். காலைல அந்த டீக்கடைப் பக்கம் ஒரு அம்மா உடும்பான்னு கேட்டாக, மூட்டுவலிக்கு நல்லதாமேன்னு வேற கேட்டாக. நான் பெட்டியைத் தூக்கிட்டு இங்க வந்துட்டேன். இது தாடி ஓணான். பூர்வீகம் ஆஸ்திரேலியா, பாலைவனத்து ஜாதி. கழுத்துக்குக் கீழ முள்ளு முள்ளாத் தொங்குது பாருங்க, கோவம் வந்தா அது உப்பிக் கன்னங்கரேல்னு ஆயிரும். பேரு துரை. நான் வச்ச பேருதான். ஒரு இடத்துல உக்காந்தா கண்ணை மட்டும் திருப்பிப் பாக்கும், உடம்பு அசையாது. அந்த தோரணைக்கு வேற பேரு பொருந்தலை.

உங்களுக்கு சாத்தூரா? எனக்கு அடுத்த ஊரு, கோயில்பட்டி. அப்ப ஒரே பஸ்ஸுதான். நான் ஏறினா.

ஏறுவேனான்னுதான் தெரியலை. பதினோரு மணிக்கு இந்தக் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன், இப்ப மணி நாலரை. மூணு பஸ்ஸை விட்டாச்சு. முதல் பஸ்ஸு ஏசி. துரைக்குக் குளிர் ஆகாது, முப்பத்தெட்டு டிகிரி சூடு வேணும், இல்லைன்னா தின்னது செரிக்காது. ரெண்டாவது பஸ்ஸுல ஏசி இல்ல, ஆனா ஸ்பீக்கர் தலைக்கு மேலயே இருந்துச்சு. மூணாவது பஸ்ஸுல எல்லாமே சரியா இருந்துச்சு. அதான் எனக்குப் பயமாப் போச்சு. எல்லாம் சரியா இருந்தா எங்கயோ ஒரு கோளாறு இருக்கும்லா, விட்டுட்டேன்.

என்ன விசேஷம்னு கேட்டா, என் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. நாளைக்குக் காலைல ஏழரைக்கு மேல ஒன்பதுக்குள்ள, குலசாமி கோயில்ல. நான்தான் தாய்மாமன். ஒரே மாமன். உங்க பக்கம் எப்படியோ, எங்க பக்கம் மாமன் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும். மாமன் வந்து சம்மணம் போட்டு உக்காந்தாத்தான் ஆசாரி கம்மலையே கையில எடுப்பாரு. அதுவும் ஒத்தப்படை வயசுலதான். ஒரு வயசுல குத்துறதா இருந்தாக. அப்ப நான் லவ் பேர்ட்ஸ் வளத்தேன், ஜோடி முட்டையில உக்காந்துருச்சு. அடைகாக்கிற நேரத்துல விட்டுட்டுப் போக முடியுமா, நீங்களே சொல்லுங்க. மூணு வயசுல மறுபடி நாள் பாத்தாக. மீன் தொட்டியில வெள்ளைப்புள்ளி நோய் வந்துருச்சு. நான் கூடவே இருந்து பாத்தேன். மீன் பூராவும் செத்துப்போச்சு, அது வேற விசயம். இப்ப அஞ்சு.

அந்தப் புள்ளைக்குப் பேரு மதுநிலா. யூகேஜி படிக்குது. கூடப் படிக்கிற பொம்பளப்புள்ளைக எல்லாம் கம்மல் போட்டிருக்குதுகளாம். இது என்ன செய்யுமாம் தெரியுமா, அவ அம்மாவோட ஒட்டுப்பொட்டு அட்டையில இருந்து ரெண்டு பொட்டை உரிச்சு, காதுல ஒட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போகுமாம். வேர்த்தா விழுந்துரும்னு விளையாடாம நிக்குமாம். செண்பகம் போன்ல சொல்லிச் சிரிச்சா. செண்பகம்னா என் தங்கச்சி, செண்பகவல்லி. நானும் சிரிச்சேன். போனை வச்சதும் மனசுக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு, அதனால துரைக்குக் கீரை நறுக்கப் போயிட்டேன்.

பத்திரிகை காட்டுதேன் பாருங்க. சும்மா பாருங்க, அதுல ஒண்ணும் இல்ல. இந்தா, தங்கச்சி மாப்பிள்ளையோட தம்பி, பேருக்குப் பின்னால பி.இ. இது அவரு சித்தப்பா மகன், டி.எம்.இ. இந்தப் பையன் இன்னும் படிச்சுக்கிட்டே இருக்கான், அவனுக்கும் அடைப்புக்குறி போட்டு எம்.பி.ஏ. இப்ப இங்க வாங்க. தாய்மாமன், க. சுடலைமணி. அவ்வளவுதான். மொட்டையா நிக்குது. நான் பி.எஸ்ஸி அண்ணாச்சி, விலங்கியல். ஒரு பேப்பர் பாக்கி இருக்கு, முதுகெலும்புள்ள விலங்குகள் பேப்பர், அது எப்ப வேணும்னாலும் எழுதிக்கிடலாம். இருபத்திரெண்டு வருசமா யாரும் எழுத விடலை. அதுக்காக நான் போக யோசிக்கேன்னு நினைச்சுராதீங்க. அந்த மாதிரி ஆளு இல்ல நான். பத்திரிகை வந்த அன்னைக்குப் பாத்தேன், அன்னைக்கே மறந்துட்டேன். எப்பவும் பையில வச்சிருக்கேன், அது முகவரிக்காக.

எனக்குப் பிரச்சனை துரைதான். இவனை எனக்குக் குடுத்தது எங்க மேனேஜர். அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனியில ஸ்டோர்ஸ் பாக்கேன். மேனேஜர் மகன் ஆசையா வாங்கி வளத்தான், ரெண்டு மாசம். அப்புறம் மேனேஜரே ஒரு நாள் ஸ்டோர்ஸுக்கு இறங்கி வந்தாரு. அவரு இறங்கியே வரமாட்டாரு. சுடலைமணி, நீங்கதானே விலங்கியல் படிச்சவரு, உங்களைத் தவிர யாரை நம்பி இதைக் குடுப்பேன்னாரு. அம்பது பேரு இருக்கிற கம்பெனியில என்னைத் தேடி வந்து குடுத்தாரு பாருங்க. சாயங்காலம் போகும்போது அவரு கார்ல பாட்டு ஓடுச்சு. அவ்வளவு சந்தோசம் அவருக்கு, நல்ல கையில சேந்துருச்சேன்னு.

பத்திரிகை வந்ததுல இருந்து இந்த ஒரு மாசமா எனக்குத் தூக்கம் கிடையாது. கூட்டிட்டுப் போகவா, விட்டுட்டுப் போகவா. முதல்ல டாக்டர்கிட்ட போனேன். அவரு பெட்டியைத் திறந்து ஒரு நிமிசம் பாத்தாரு. மூணு நாளுதானே, கீரையும் தண்ணியும் வச்சுட்டு, விளக்கைப் போட்டுட்டுப் போங்க, ஒண்ணும் ஆகாதுன்னாரு. ஒரு மாசத்துக் குழப்பத்துக்கு ஒரு நிமிசத்துல பதில் சொன்னா அதை எப்படி நம்புறது? அவரு நாய் டாக்டரு வேற. இன்னொண்ணும் சொன்னாரு. துரை என்னைப் பாத்ததும் முன்னங்காலைத் தூக்கி மெதுவா ஆட்டுவான், டாட்டா காட்டுத மாதிரி. நான் பாசம்னு சொன்னேன். அது பாசம் இல்ல சார், பெரிய மிருகத்தைப் பாத்துப் பயந்தா, என்னை ஒண்ணும் செஞ்சுராதன்னு அப்படிக் காட்டும்னாரு. நாய் டாக்டருக்கு ஓணானைப் பத்தி என்ன தெரியும்?

அப்புறம் வாட்ஸ்அப்ல கேட்டேன். ஊர்வன நண்பர்கள்னு ஒரு குரூப். இருநூறு பேருக்கு மேல. கூட்டிட்டுப் போங்கன்னு பாதிப் பேரு, கூடாதுன்னு பாதிப் பேரு. முதல் நாள் துரையைப் பத்திப் பேசுனாக, ரெண்டாம் நாள் ஒருத்தரை ஒருத்தர் பேசுனாக, மூணாம் நாள் அட்மின் வெளிய போயிட்டாரு. இப்ப ரெண்டு குரூப்பு. ரெண்டுலயும் நான் இருக்கேன். கூட்டிட்டுப் போற குரூப்புல இருந்து சூட்டுக்குப் பெட்டிக்குள்ள வெந்நீர் பாட்டில் வைக்கிற யோசனை வந்துச்சு, போகாத குரூப்புல இருந்து அது வெடிக்கும்னு தகவல் வந்துச்சு.

அதுக்கு நடுவுல ஒரு நாள் கூண்டைத் துடைக்கும்போது துரை தாவி என் இடது தோள்ல விழுந்துட்டான். பஞ்சாங்கத்துல பல்லி விழும் பலன் பாத்தேன், இடது தோள் வெற்றின்னு போட்டிருந்துச்சு. சரி, போயிரலாம்னு முடிவு பண்ணிட்டேன். இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம்னு எங்க தெரு ஜோசியர்கிட்ட போனேன். அவரு ரொம்ப நேரம் யோசிச்சாரு. இது நம்ம ஊருப் பல்லிக்கு எழுதினது, உங்க ஜீவன் பூமிக்குக் கீழ்ப்பக்கத்துல இருந்து வந்தது, அங்க நமக்குப் பகல்னா ராத்திரி, நமக்குக் கோடைன்னா குளிரு, அதனால பலனைத் தலைகீழா எடுக்கணும்னாரு. வெற்றியைத் தலைகீழா எடுத்தா என்ன வரும்? முடிவை மாத்திட்டேன். அவரு படிச்ச மனுசன். அவரு வீட்டு வாசல்ல பேருக்குப் பின்னால மூணு பட்டம் போட்டிருக்கு.

ஒத்திகையும் பாத்தேன் அண்ணாச்சி. நான் எதையும் அரைகுறையாச் செய்யமாட்டேன். ஒரு ஞாயித்துக்கிழமை துரையைப் பெட்டியில வச்சு ஆட்டோவுல ஆவடி வரைக்கும் போய்த் திரும்பினேன். போகும்போது தாடி கறுத்துருச்சு. வரும்போது வெளுத்துருச்சு. அப்ப என்ன அர்த்தம்? போறது பிடிக்கலை, வாறது பிடிக்குது. கோயில்பட்டிக்குப் போறதும் இருக்கு, வாறதும் இருக்கு. ஒண்ணும் முடிவா சொல்ல முடியலை.

இருங்க, போன் அடிக்குது. தமயந்தி, என் வீட்டுக்காரி. அடிக்கட்டும். எடுத்தா எங்க இருக்கீகம்பா. பஸ் ஸ்டாண்டுலன்னா ஏறிட்டீகளாம்பா. அப்புறம் பேசிக்கிடுதேன்.

பக்கத்து வீட்ல விடலாம்ல, அதைத்தானே கேக்க வாறீங்க? கீழ் வீட்டு அம்மா பல்லியைப் பாத்தாலே ஊரைக் கூட்டும். நாய், பூனையெல்லாம் பாத்துக்கிடுற விடுதி ஒண்ணு இருக்கு, அங்க போயி ராத்திரி துரை பக்கத்துல யாரு படுப்பாங்கன்னு கேட்டேன், அந்தப் பையன் சிரிச்சான். கடைசியில தமயந்தியே சொன்னா, நான் இருந்து பாத்துக்கிடுதேன், நீங்க போங்க, மாமன்தானே முக்கியம்னு. அவகிட்ட எப்படி விடுறது? கீரையை அளந்து வைக்க மாட்டா. பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டா, ஏய்ம்பா. ஒரு தடவ கையைக் கூண்டுக்குள்ள விட்டுக் கடி வாங்கினதைத்தான் சொன்னேனே.

அவளா ஒரு முடிவு பண்ணிட்டா. போன செவ்வாக்கிழமை டிக்கெட் எடுத்து, ரயில்ல தனியாப் போயிட்டா. அங்க வேலை கிடக்கும், ஒத்தாசைக்குப் போறேன்னா. வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டே ஒண்ணு சொன்னா. உங்களுக்கு அன்னைக்குக் குருவி, அப்புறம் மீனு, இன்னைக்கு ஓணான். அடுத்ததுக்கு யானை வாங்கிருங்கன்னா. நான் அதைக் கணக்குல எடுத்துக்கிடலை. அவசரத்துல போறவ என்ன பேசுதோம்னு தெரியாமப் பேசுவா.

என்ன கேட்டீங்க? எனக்குப் போக ஆசை இருக்கா இல்லையான்னா?

இருக்கு அண்ணாச்சி. ஏன் இல்லாம? ஒரே தங்கச்சி. அந்தப் புள்ளைக்குன்னு கம்மல் எடுத்து வச்சு நாலு வருசமாச்சு, இந்தா, பை அடியில இருக்கு. சின்னதா, குண்டுமணி அளவுக்குச் சிவப்புக் கல்லு வச்சது. தமயந்திதான் தேடிப் பிடிச்சா. அதைக்கூட அவகிட்ட குடுத்து விடலை, மாமன் கையாலதான் குடுக்கணும்னு.

எங்களுக்குக் குழந்தை இல்ல. பதினாறு வருசமாச்சு. அதை விடுங்க, அதைப் பத்திப் பேச வரலை.

நீங்க கேட்டதுனால சொல்லுதேன். மதுநிலாவுக்குப் பேரு வச்ச அன்னைக்குப் போயிருந்தோம். தமயந்தி ஆசையா அந்தப் புள்ளையைத் தூக்கி மடியில வச்சிருந்தா. மாப்பிள்ளையோட அத்தை ஒருத்தி, குருவம்மான்னு பேரு, வந்து நின்னா. நின்னு, நீ இரு தாயி, நாளும் கிழமையுமா இருக்குன்னு சொல்லி, புள்ளையை மடியில இருந்து எடுத்துட்டா. கத்தலை, திட்டலை. தட்டுல இருந்து வெத்தலையை எடுத்த மாதிரி எடுத்துட்டுப் போயிட்டா. கூடத்துல முப்பது பேரு இருந்தாக. தமயந்தி கை அப்படியே நீட்டின மாதிரி நின்னுச்சு. என்னைப் பாத்தா. நான் என்ன செஞ்சேன்னு கேளுங்க. ஜெனரேட்டர் ஓடுதான்னு பாக்கப் போயிட்டேன். கரண்ட்டு இருந்துச்சு அண்ணாச்சி. ஜெனரேட்டர் ஓடவே இல்ல. அதுக்குப் பக்கத்துல முக்கால் மணி நேரம் நின்னேன்.

அதுக்கப்புறம் அந்த ஊருக்கு நான் போகலை. வேலை அப்படி அமைஞ்சு போச்சு. அவ போயிட்டு வந்துட்டுத்தான் இருக்கா, தீவாளிக்கு, பொங்கலுக்கு, செண்பகத்துக்கு உடம்பு சரியில்லாதப்ப. பொம்பளைகளுக்கு மறதி ஜாஸ்தி. எனக்கு அப்படி இல்ல.

மறுபடி அடிக்குது. எடுத்துருதேன், இல்லைன்னா விட மாட்டா. அலோ. சொல்லு. ஆமா, பஸ் ஸ்டாண்டுலதான். இல்ல, இன்னும் ஏறலை. துரைக்கு வயிறு ஒரு மாதிரி இருக்கு, அதான்... யாரு? மதுக்குட்டியா? ஆமாடா. மாமாதான். ஆமா, துரையும் இருக்கான். பாக்கணுமா? ம். சொல்லு. ம். யாரு சொன்னா? அம்மாவா? சரி. சரிடா. வலிக்காது, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். சரி, வச்சிரட்டுமா.

ஒண்ணுமில்ல அண்ணாச்சி. தண்ணி இருக்கா, ஒரு மடக்கு குடுங்க.

அந்தப் புள்ள சொல்லுது, மாமா, துரைக்கு வயித்துவலின்னா நீங்க கூடவே இருங்க, நான் அத்தை மடியில உக்காந்து குத்திக்கிடுவேன், அம்மா சொல்லிட்டாங்கங்குது. அழுகலை, கோவிக்கலை. உங்க வேலையைப் பாருங்கன்னு பெரிய மனுசி கணக்காச் சொல்லுது.

நான் வேற மாதிரி நினைச்சிருந்தேன். வாங்க வாங்கன்னு கெஞ்சுவாக, மாப்பிள்ளை பேசுவாரு, பத்திரிகையில விட்டுப்போச்சு மச்சான் மன்னிச்சுக்கோங்கன்னு ஒரு வார்த்தை வரும், நானும் சரி போனாப் போகுதுன்னு ஏறலாம்னு இருந்தேன். அவங்களா வேற ஏற்பாடு பண்ணிட்டாங்க. பாத்தீங்களா, நான் இல்லாமலே நடக்கும்னு முடிவு பண்ணிட்டாங்க. இதுதான் அண்ணாச்சி என் மதிப்பு.

இல்ல. நீங்க சொல்லுறது சரிதான். வேற ஏற்பாடுன்னா, தமயந்தி மடி.

நாளைக்குக் காலைல அந்தக் கோயில்ல குருவம்மா இருப்பா. அவ இல்லாம அந்த வீட்ல ஒண்ணும் நடக்காது. தமயந்தி சம்மணம் போட்டு உக்காருவா. எல்லாரும் பாப்பாக. மாமன் எங்கன்னு ஒருத்தர் கேப்பாக, ஓணானுக்கு வயித்துவலின்னு ஒருத்தர் சொல்லுவாக, சிரிப்பாக. அது போகட்டும். அப்புறம் குருவம்மா வாயைத் திறப்பா. புள்ள பெறாதவ மடியிலயா முதல் கம்மலுன்னு கேப்பா. கேக்காம இருக்க மாட்டா. செண்பகம் எதுத்துப் பேசுவா, அவளுக்கு அந்தத் தைரியம் இருக்கு. ஆனா தமயந்தி பேச மாட்டா. தலையைத் தூக்கி என்னைத் தேடுவா, அன்னைக்குப் பாத்த மாதிரி.

அவளுக்கு இது தெரியாம இல்ல. தெரிஞ்சுதான் செவ்வாக்கிழமையே போயிருக்கா. மறந்துட்டான்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன். ஒவ்வொரு தடவையும் போயி குருவம்மா முகத்துக்கு நேரா நின்னுட்டு வந்திருக்கா, நான் இங்க கீரை நறுக்கிக்கிட்டு இருந்திருக்கேன். எனக்கு வெக்கமா இருக்கு அண்ணாச்சி. உங்களை யாருன்னே தெரியாது, உங்ககிட்ட சொல்லுதேன், வெக்கமா இருக்கு.

அது உங்க பஸ்ஸா? கோயில்பட்டின்னுதான் போட்டிருக்கு. ஏசி இல்லைல. கூட்டம் இருக்கும் போலயே. முன்னால டயருக்கு மேல சீட்டுதான் கிடைக்கும், குலுங்கும். அடுத்த பஸ்ஸு எப்பன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டா... இல்ல, கேக்க வேண்டாம். கேட்டா அடுத்த பஸ்ஸுன்னு ஒண்ணு இருக்கும்.

போன் பண்ணி வாரேன்னு சொல்லவும் வேண்டாம். சொன்னா, சொல்லியாச்சேன்னு மறுபடி உக்காந்துருவேன். என்னைப் பத்தி எனக்கு இப்ப கொஞ்சம் தெரியுது.

அண்ணாச்சி, ஒரு உபகாரம். நீங்க முன்னால போயி ஏறுங்க. இந்தப் பெட்டியைக் கையில பிடிங்க. அடியில தாங்கிப் பிடிங்க, ஆமா, அப்படித்தான், பயப்படாதீங்க. இதை நான் இதுவரைக்கும் ஒருத்தர் கையிலயும் குடுத்தது இல்ல. நான் கீழ நின்னு யோசிச்சேன்னா நீங்க திரும்பிப் பாக்காதீங்க, திருப்பித் தந்துராதீங்க. கண்டக்டர் விசில் அடிச்சாலும் தராதீங்க. இவன் உள்ள இருந்தா நான் ஏறித்தானே ஆகணும்.